லியோனார்டின் தேநீர்ப் பலகை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற லியோனார்ட், ராயபுரத்து மாடி அறையொன்றில் தனியாக இருந்தார். அவரைத் தேடி ஒருவர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொழுது போக வேண்டுமே என்று, அறையில் உள்ளதையெல்லாம் மரப்பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பார். ஸ்டவ் ஆயிற்று, குடை ஆயிற்று. இந்த முறை மேசை, நாற்காலி, மேசைமேல் ஒரு கண்ணாடி கிளாஸ் நிறைய டீ. பத்துத் தாள் எடுத்து வரிசையாகக் காயப்போட்டார்.

மொட்டைமாடிக்குத் துணி எடுக்க வந்த கீழ்வீட்டு சில்வியா எட்டிப் பார்த்தாள்.

“இன்னா நைனா, மொத படத்துல டீ ரொம்பி கீது, அஞ்சாவதுல பாதிதான் கீது, கடைசில காலி கிளாஸு!”

“எல்லாம் ஒரே பலகைதாம்மா.”

“அப்ப யாரு குடிச்சிகினு கீறாங்க?”

“தெரிஞ்சா சர்க்கரை போதுமான்னு கேட்டிருப்பேனே.”

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். லியோனார்ட் சிரிக்கவில்லை. புதுப் பலகையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகச் செதுக்கி, தனக்கொன்று, வருகிறவருக்கொன்று என இரண்டு கிளாஸ் டீ வைத்தார். பிறகு சவரம் செய்து, ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு அச்செடுக்க உட்கார்ந்தார்.

முதல் தாளில் இரண்டும் நிறைந்திருந்தன. நான்காவதில் எதிர்ப்பக்கத்து டீ பாதியாகியிருந்தது. அவர் நிறுத்தாமல் அடுத்தடுத்த தாளை எடுத்தார். பத்தாவதில் எதிர் கிளாஸ் காலி. அந்த நாற்காலி மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அவருடைய டீ மட்டும் நிறைந்தபடியே பாலேடு படிந்து கிடந்தது.