விட்டுப்போன இடி

"வண்டி கட்டச் சொல்லிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள புள்ளையத் தூக்கிட்டு உங்கப்பன் ஊட்டுக்குக் கெளம்பு" என்றாள் மருதாத்தாள்.

பூவாத்தாள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். பிரசவமாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"எதுக்குங்கத்தை?"

"எதுக்கா? கொங்கன்படைத் திருவிழா வேட்டுக்கு நம்ம சித்தூரே அதிர்ந்துச்சு. இது கண்ணைக்கூடத் தொறக்கலை. வைத்தியர் குப்பண்ணன் டிரான்ஸிஸ்டரைக் காதோரம் வெச்சு அலற விட்டாரு. திரும்பிப் பார்த்துச்சா? செவுடுதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது."

"கழுத்தே நிக்காத புள்ளை எப்படீங்கத்தை திரும்பும்?"

நிலைப்படியில் சாய்ந்திருந்த அவள் புருஷன் சென்னிமலை, குனிந்த தலையோடு ஏதோ முணுமுணுத்தான்.

"தரைகிட்டப் பேசாதீங்க. என் மொகத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் பூவாத்தாள்.

அவன் தலையைத் தூக்கினான். "கொஞ்ச நாளைக்குப் போயிட்டு வா. அம்மா மனசு மாறட்டும்."

"நான் அந்தப்பக்கம் போனா இந்தப்பக்கம் உங்களுக்கு வேற பொண்ணு பார்ப்பாங்க. தெரியாதுங்களா எனக்கு? பாப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குது. இப்பவே காட்டறேன். அத்தை, காலைல எனக்கு மருந்து இடிச்சீங்களே, அந்த உரலை எடுங்க."

"என்னடி கூத்து இது?"

"ஒரே கணக்கா இடிங்க. நடுவால ஒரு இடியை மட்டும் விட்டுப்போடுங்க. நான் சொல்றது பொய்யின்னா நானே வண்டியேறிடறேன்."

குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். மருதாத்தாள் ஆத்திரத்தோடு உரலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இரும்பு உலக்கை ஏறி ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு குழந்தை பால் குடித்தது. ஐந்தாவது இடிக்கு உலக்கை அந்தரத்தில் நின்றது.

குழந்தையின் வாயும் நின்றது. புருவம் சுருங்கியது. உலக்கை மறுபடி இறங்கியதும் குடிக்கத் தொடங்கியது.

சென்னிமலை அருகில் வந்து மண்டியிட்டான். "இன்னொருக்கா இடிங்கம்மா."

மருதாத்தாள் யாருக்கும் சொல்லாமல் தனக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் விட்டு விட்டு இடித்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிஞ்சுப் புருவம் சுருங்கியது.

"அம்மா, இதுக்குத் தாளம் தெரியுதும்மா! ஒண்ணு கொறைஞ்சாக் கண்டுபுடிச்சிருது!" என்று கத்தினான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "எங்க யாருக்கும் தெரியலை. நீ எப்படிக் கண்டுக்கிட்டே?"

"ஒம்பது நாளா அவ மொகத்தைத்தான பார்த்துட்டு இருக்கறேன்."

மருதாத்தாள் உலக்கையைக் கீழே வைத்தாள். பூவாத்தாள் விடவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன் அத்தை. அவளுக்குக் கேக்காமப் போயிருந்தாலும் நான் இந்த ஊட்டுப் படியெறங்கியிருக்க மாட்டேன். காது கேக்கலைன்னாச் சோறு எறங்காதுங்களா? களை எடுக்கக் கை வராதுங்களா? புருஷங்கூடக் குடும்பம் நடத்த முடியாதுங்களா?"

மருதாத்தாள் எழுந்து வாசலுக்குப் போய், மாட்டை அவிழ்த்துவிடும்படி வண்டிக்காரனுக்குக் கையைக் காட்டினாள்.

பால் போதாமலோ, இடி நின்றுபோன கோபத்திலோ, குழந்தை முகம் சிவந்து வாயை அகலத் திறந்தது. சென்னிமலை சிரித்துக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டான்.

பூவாத்தாள் அந்தக் குட்டி வாயையே பார்த்தாள். துடித்துக்கொண்டிருந்த தொண்டையை ஒரு விரலால் தொட்டாள். அவ்வளவு நேரம் இருந்த வீம்பெல்லாம் போய், புருஷனிடம் மெல்லக் கேட்டாள்:

"ஏனுங்க, அவ அழுவுற சத்தம் எப்படீங்க இருக்குது?"

எட்டு வயதில் வந்த விஷக்காய்ச்சலில் காது போனதிலிருந்து, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவள், ஒரு சத்தத்தைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை.