நாற்பது மாடிப் பேராசிரியர்

“பன்னெண்டு நாளா நான் ஒரு மாடிகூட ஏறலைன்னு காட்டுது தம்பி. இது வாட்ச்சா, என் எதிரியா?”

பேராசிரியர் கமலக்கண்ணன் ஸ்மார்ட் வாட்ச்சை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் விழுந்தார். அஸ்பாக்கின் சர்வீஸ் கடை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தது. மொத்தம் பதினெட்டுப் படி. அதை ஏறி வந்ததற்கே அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டி, பேச்சு தவணை முறையில் வந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே கல்லூரி அட்டெண்டர் சோலைமலை வந்து நின்றார். ஒரு கையில் பேராசிரியரின் பை, மறு கையில் பேராசிரியரின் டிபன் கேரியர். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு. அந்த வேக்காட்டிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

“அதுக்கு முன்னாடி எம்புட்டு காட்டுச்சு சார்?” என்று கேட்டான் அஸ்பாக்.

“ஒரு நாளைக்கு நாப்பது மாடி.”

அஸ்பாக் நிமிர்ந்து அவருடைய வயிற்றைப் பார்த்தான். மரியாதை கருதி உடனே குனிந்துகொண்டான்.

“எங்க காலேஜ்ல போட்டி தம்பி. ரெண்டு மாசத்துல யார் அதிகமா மாடி ஏறுறாங்களோ, அவரைத் தாளாளர் சிங்கப்பூர் கருத்தரங்குக்குக் கூட்டிட்டுப் போறார். பிரின்சிபாலும் நாங்க நாலு துறைத் தலைவர்களும் களத்துல இருக்கோம். ஆயுத பூஜை வரைக்கும் கடும் போட்டி. அஞ்சு பேருக்கும் ஒரு மாடி, ரெண்டு மாடிதான் வித்தியாசம்னா பாத்துக்கோயேன்! அப்புறம் மத்த மூணு பேரும் முடியாம விட்டுட்டாங்க. சோம்பேறிங்க. ஆனா பிரின்சிபால் மட்டும் நானூத்தி எண்பது மாடி முன்னாடி போயிட்டார். நான் பாஸ்போர்ட்டே எடுத்துட்டேன் தம்பி!”

அஸ்பாக் வாட்ச்சைத் தட்டிப் பார்த்தான். “நடந்த கணக்கு சரியா விழுந்திருக்கு சார். மாடி மட்டும்தான் பூஜ்யம். ஒருவேளை லிஃப்ட்ல போனீங்களா? லிஃப்ட்ல போனா மாடிக் கணக்குல சேராது.”

பேராசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “லிஃப்ட்டா? அட்டெண்டர் ஒருத்தரும் லிஃப்ட் பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு நானே சர்க்குலர் போட்டிருக்கேன்!”

கேட்ட கேள்விக்கு இது எந்த ஊர்ப் பதில் என்று அஸ்பாக்குக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாட்ச்சின் பக்கவாட்டைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

“சார், காத்தோட அழுத்தத்தை வச்சுத்தான் இது மாடியை எண்ணும். மேல போகப் போக அழுத்தம் குறையும்ல? அதுக்காகக் காத்து போக இந்த இடத்துல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருக்கான். அதுல சந்தனம் அடைச்சிருக்கு.”

“ஆமா, ஆயுத பூஜைக்கு லேப்ல எல்லாத்துக்கும் பொட்டு வச்சோம்.”

“போன வாரம் வடமதுரைக்காரர் ஒருத்தர் லேப்டாப்போட கேமராவுக்கே பொட்டு வச்சுட்டு, ‘மீட்டிங்ல நான் தெரியவே மாட்டேங்கிறேன்’னு வந்து நிக்கிறாரு. மூக்குத் துவாரத்துல சந்தனத்தை அப்பினா மூச்சு விட முடியுமா சார்?”

ஊசியால் மெதுவாக நோண்டி எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து நீட்டினான். “கையில கட்டிக்கிட்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறிட்டு வாங்க. இங்கயிருந்து மூணு மாடி. மூணுன்னு காட்டினா வேலை முடிஞ்சுது.”

பேராசிரியர் அவனை விநோதமாகப் பார்த்தார்.

“நான் கட்டினா அது எப்படித் தம்பி மாடி ஏறும்?” என்று, மக்கு மாணவனுக்கு விளக்குவதுபோல் கேட்டுவிட்டு வாட்ச்சைச் சோலைமலையிடம் கொடுத்தார். “ஏறிட்டு வாய்யா.”

சோலைமலை பையையும் கேரியரையும் இறக்கி வைத்தார். இடது மணிக்கட்டில், பார்க்காமலேயே சரியான துளையில் வாரை மாட்டினார். போனார், வந்தார். வாட்ச் மூன்று காட்டியது.

பேராசிரியர் முகத்தில் சிங்கப்பூர் தெரிந்தது. “சபாஷ்! சோலைமலை, இன்னும் இருபது நாள்தான் இருக்கு. இனி நாப்பதெல்லாம் பத்தாது. தினம் அறுபத்தஞ்சு ஏறு, பிரின்சிபாலைப் பிடிச்சிடலாம். கழட்டிடாத. பையை எடுத்துக்கிட்டு வா” என்று சொல்லி, படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினார்.

அஸ்பாக் ஊசி முனையை விரலில் தேய்த்துப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

“அண்ணே, செத்த நில்லுங்க. பூஜை முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. இந்தச் சந்தனம் இன்னும் ஈரமா இருக்கே?”

சோலைமலை படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். பேராசிரியர் இன்னும் ஏழாவது படியில்தான் இருந்தார். சோலைமலை வலது கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி, முழங்கை வரை மேலே சுருட்டினார். வளையல் அடுக்கினதுபோல் வரிசையாக நாலு ஸ்மார்ட் வாட்ச். மூன்றின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு.

“அஞ்சையும் நான் ஒருத்தனே சொமந்தா அஞ்சும் ஒண்ணு போலத்தான ஓடும் அப்பு?” சட்டைப் பையிலிருந்து சின்னச் சந்தன டப்பாவை எடுத்து, பேராசிரியரின் வாட்ச்சுக்கும் பக்தியோடு ஒரு பொட்டு வைத்தார். “வேலையை நிரந்தரம் பண்ணித் தாரேன்னு சொன்னது பிரின்சிபால் ஒருத்தருதான்.”