ஆக்-தோபோ மண்

“அந்தப் பாட்டிலோட மேடை ஏறினே, நடக்கிறதே வேற, புருல்கான்!”

நிலப் பாதுகாப்பு வாரியத்தின் துணைத் தலைவர் மெலிஸ் கத்திய கத்தலில், தேநீர் ஊற்ற வந்த பெண் கெட்டிலோடு வெளியே ஓடிவிட்டாள். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மிஞ்சியது மூன்று பேர். மெலிஸ், தேசிய மண்ணியல் சங்கத்துக்கு அன்று காலைதான் தலைவியாகத் தேர்வான பேராசிரியை புருல்கான், சங்கத்தின் செயலாளர் பெகாயிம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைமைப் பொறுப்பு ஏற்பவர் தன் சொந்த ஊர் மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து மேடையிலுள்ள பெரிய கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். ஏழு தலைவர்களின் மண் ஏழு நிறத்தில் அடுக்கடுக்காக அதில் கிடக்கிறது.

புருல்கானின் ஊர் ஆக்-தோபோ. சோவியத் காலத்தில் ஊருக்கு மேலே குன்றில் புதைத்த யுரேனியக் கழிவு மழைக்கு மழை கரைந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே குடியிருக்கும் நாற்பத்துமூன்று குடும்பங்களும் வேறு இடம் கேட்டு இதுவரை பதினோரு மனு போட்டாயிற்று. பதினொன்றையும் வாரியம் திருப்பி அனுப்பிவிட்டது.

“அக்கா, இந்த ஒரு தடவை வேற எங்கயாச்சும் இருந்து மண்ணு...” பெகாயிம் மெல்ல இழுத்தாள்.

“ஏன்? எட்டாவதா வந்தவளுக்கு மட்டும் சொந்த ஊரு கிடையாதா?”

புருல்கான் மண் நிரப்பிய பாட்டிலை மேசையில் ணங்கென்று வைத்தாள். மெலிஸ் இரண்டடி பின்னால் போனார்.

“ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்ச பாவத்துக்குச் சொல்றேன், கேளு. அழைப்பிதழ்ல உன்னோட ஆராய்ச்சி ‘ஆக்-தோபோ மண்ணில் யுரேனியம்’னு அச்சடிச்சே. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ‘மேய்ச்சல் நில மண்’னு போட்டிருந்தா உன் கிரீடம் இறங்கிடுமா?”

“இறங்காது. ஆனா நான் பார்க்காத வேலையைப் பார்த்ததா எதுக்குப் போடணும்? அது உங்க வாரியத்துப் பழக்கம்.”

“வாய் மட்டும் அப்படியே இருக்கு! இங்க பாரு, ஜாடிக்குப் பக்கத்துலயே மந்திரி உக்காந்திருக்காரு. கைக்கு எட்டுற தூரம். அவரு பேரனை வேற கூட்டிட்டு வந்திருக்காரு. ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும்டி!”

“உன் வேலைக்காக எங்க சங்கத்து வழக்கத்தை மாத்த முடியாது. நான் போடத்தான் போறேன்.”

“போட விட மாட்டேன்.”

“யாரு நீ?”

“வாரியத்தோட துணைத் தலைவர்!”

“அப்போ உத்தரவா எழுதிக் குடு. உள்ள முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க. ஜாடியில ஏன் மண்ணு போடலைன்னு கேப்பாங்க. ‘மெலிஸ் கண்ணை உருட்டினான், நான் பயந்துட்டேன்’னா சொல்ல முடியும்?”

வெளியே கைதட்டல் கேட்டது. ஒலிபெருக்கியில் புருல்கானின் பெயரை அழைத்தார்கள். அவள் பாட்டிலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

“இரு, இரு! எழுதித் தொலைக்கிறேன்!”

வாரியத்தின் பெயர் அச்சிட்ட தாளும் முத்திரையும் இல்லாமல் மெலிஸ் கழிவறைக்குக்கூடப் போக மாட்டார். பையிலிருந்து இரண்டும் வெளியே வந்தன.

“என்னன்னு எழுத?”

“காரணத்தை எழுது. மண்ணு ஏன் உள்ள வரக்கூடாது?”

“கெட்ட மண்ணு, அதான் காரணம்!”

“அதையே எழுது. கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இல்லாம எழுது.”

மெலிஸ் பரபரவென்று எழுதினார், முத்திரையைக் குத்தினார், தாளை நீட்டினார். புருல்கான் அதை வாங்கிப் பெகாயிமிடம் கொடுத்தாள்.

“சத்தமா படி.”

“‘ஆக்-தோபோ ஊரின் மண் மனித உயிருக்குக் கேடு விளைவிக்கும். மனிதர் புழங்கும் இடத்தில் அதை வைத்திருக்கத் தகாது. ஆகவே அரங்கினுள் கொண்டுவரத் தடை...’”

பெகாயிமின் குரல் பாதியில் தடுமாறியது. புரிந்துவிட்டது அவளுக்கு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“பதினோரு மனுவுக்கும் ‘மண் நன்றாக உள்ளது, குழந்தைகள் விளையாடலாம்’னு பதில் எழுதினவன் நீ,” என்றாள் புருல்கான். “பன்னிரண்டாவது மனுவோட இதை வெச்சு, இப்பவே மேடையில மந்திரி கையில குடுக்கப் போறேன். ரொம்ப நன்றி, மெலிஸ்.”

மெலிஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“குடு அதை! குடுன்னா!”

பாய்ந்து வந்தார். புருல்கான் பாட்டில் மூடியைத் திருகி எறிந்தாள். வெறுங்கையை உள்ளே விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“வா, வந்து வாங்கிக்கோ!”

மெலிஸ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கல்பாக் தொப்பி கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் நிமிர்ந்து அவரைக் கடந்து போனார்கள்.

மேடைப் படியில் பெகாயிம் புருல்கானின் கையைப் பிடித்து இழுத்தாள். கண் கலங்கிவிட்டது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க அக்கா! அந்த மண்ணைப் போய் வெறுங்கையால தொடலாமா? முதல்ல வாங்க, கையைக் கழுவுங்க!”

“அட, பயப்படாதடி. முந்நூறு பேர் இருக்கிற இடத்துக்கு அந்த மண்ணைக் கொண்டாருவேனா நான்? இது காலையில மெலிஸோட ஆபீஸ் வாசல்ல, ரோஜாப் பாத்தியில அள்ளினது.”