பன்னிரண்டு வார்த்தை

நாளை முதல் மஞ்சள் ஏலம் பிளாக்செயினில்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு வியாபாரியும் கடையில் நோடு என்று ஒரு கணினிப் பெட்டி வைத்திருக்க வேண்டும். இல்லாதவன் விலை கேட்க முடியாது. மஞ்சள் வராவிட்டால் வெள்ளியங்கிரியின் அரவை மில் நின்றுபோகும். அலுத்துக்கொண்டே, கணினி மாட்டும் அமுதவல்லியை வரச்சொன்னார்.

"இதுக்கு மொதலாளி யாரு?"

"யாருமில்லீங்க. எல்லார் பெட்டியும் ஒண்ணையொண்ணு பாத்துக்கும்."

"அப்பறம் தப்பு நடந்தா யாரு சட்டையப் புடிக்கறது?"

திரையில் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்ததும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "இதுதான் உங்க பெட்டிக்குச் சாவி. நான் பாக்கக்கூடாதுங்க. பாத்தா உங்க பேர்ல நானே ஏலம் கேட்டுப்போடலாம். எழுதி வெச்சுக்கிட்டு, அதையே திருப்பித் தட்டுங்க."

அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் படம் போலப் பார்த்து வரைந்து முடிக்க ஒரு மணி நேரமானது. வரைந்தவை சின்ன எழுத்துகள். கீபோர்டில் இருந்தவை பெரிய எழுத்துகள். பாதிக்கு மேல் முகஜாடையே ஒத்துவரவில்லை. எதை அமுக்கினாலும் திரையில் வெறும் புள்ளி விழுந்தது.

"ஆச்சுங்களா? காலு கடுக்குதுங்க" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

"எந்த ஊரு அம்மிணி நீ?"

"சிவகிரிங்க."

"கொழந்தைங்க?"

"ரெண்டும் பொண்ணுங்க."

"ஊட்டுக்காரன் குடிப்பானா?"

"இப்ப குடிக்கறதில்லீங்க."

கேட்க வேறெதுவும் மிச்சமில்லை. சந்தேகப்படவும் தெம்பில்லை. தாளைக் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு, "திரும்பு. நீயே பாத்துத் தட்டிரு" என்றார்.