ஓடு அளக்கும் நாள்

முதல் மழை விழுந்துவிட்டது. இனி கல்லூரிப் பிள்ளைகள் சதுப்புக்கு வந்துவிடுவார்கள். வருடம் தவறாமல் தன் ஓட்டை அளந்து எழுதிக்கொண்டு போகிறவர்கள் என்பதால் ஆமைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மூன்று வருடமாக ஒரே அளவுதான், தம்பி. இந்த முறையும் வளராமல் இருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்று தவளையிடம் கேட்டது.

“அதற்காகத்தான் நேற்று என் பங்குப் புழுவையும் சேர்த்துத் தின்றீர்களா, அண்ணே?” என்றது தவளை.

மறுநாள் காலை, பிள்ளைகள் வந்து விரித்த வலைக்குள் ஆமை தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது. அதைத் தூக்கிய பெண், ஓட்டின் விளிம்பில் முன்பு அவர்கள் அராவி வைத்த அடையாளத்தைத் தடவிப் பார்த்தாள்.

“எல்லாரும் வாங்க! நம்ம ஏழாம் நம்பர். கோடையில தண்ணி வத்தினப்ப செத்துப் போயிருக்கும்னு நினைச்சோமே, உயிரோட இருக்கு!”

ஆறு பேர் சேற்றில் வழுக்கி விழுந்து ஓடி வந்தார்கள். ஒருவன் அதன் முகத்துக்கு நேரே குனிந்து, “எங்கடா போயிருந்த?” என்று சிரித்தான். பிறகு அளந்தார்கள், எழுதினார்கள், தண்ணீரில் விட்டார்கள்.

தவளை தாவி வந்தது. “எவ்வளவு, அண்ணே? வளர்ந்திருக்கிறீர்களா?”

ஆமை கழுத்தை முழுக்க நீட்டி, அவர்கள் போன கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அதைக் கவனிக்க மறந்துவிட்டேன்” என்றது.