ஈ அளந்த காது

இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இந்த நிமிடமே உதிரட்டும். மாலை வெயில் ஜன்னல் வழியே என் இடக்கன்னத்தில் சாய்ந்திருக்கிறது. எதிரே என் மனைவி, அறுபத்திரண்டு வயது ஓவிய மாணவி, கையை நீட்டிப் பென்சிலால் என் முகத்தை அளக்கிறாள். நாளை தேர்வு. நான் அசைந்து அசைந்து இரண்டு படம் கெட்டாயிற்று. இதுதான் கடைசித் தாள். "சிரிக்காதீங்க. கன்னத்துத் தசை ஏறுனா கண்ணுக்குக் கீழ மடிப்பு விழும்." "கண்ணைக் கொஞ்சம் மேல போடேன்." "எல்லாருக்கும் கண்ணு தலைக்கு நட்டநடுவுலதான். உங்களுக்கு மேல இருக்கிற பாதி வெறும் வழுக்கை." எழுந்து வந்து, கரி படிந்த விரலால் என் கன்ன எலும்பைத் தடவி, நிழல் எங்கே தொடங்குகிறதென்று பார்க்கிறாள். அப்போது ஓர் ஈ என் புருவத்தில் இறங்கி, மூக்கடி வரை பதினேழு தப்படி நடக்கிறது. பிறகு காதுக்குப் பறந்து அதன் உச்சியிலிருந்து கீழ்நுனி வரை இறங்குகிறது, அங்கும் பதினேழு. "புருவத்துலேர்ந்து மூக்கடி வரைக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் காதுன்னு வாத்தியார் சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று ஈயைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். நான் இமைகூட அசைக்காமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கோடும் கெடாமல் படம் முடிகிறது. அதில் என் கண்கள் இரண்டும் மூடியிருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது.