தையல்காரரின் மரியாதை

"என்ன சார், பேன்ட் சரியில்லையா?" என்றார் தையல்காரர்.

அந்த 'சார்' காதில் விழுந்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. அதை அவர் வாயிலிருந்து பிடுங்காமல் இன்று கடையை விட்டு நகர்வதில்லை.

"இது பேன்ட்டா, சாக்குப்பையா?" என்று அவர் முகத்திலேயே விட்டெறிந்தேன்.

"பிரிச்சுத் தைச்சுத் தர்றேன் சார்."

ரிட்டயரான கைதான், ஆனாலும் விட்ட அறையில் அவர் மூக்குக்கண்ணாடி மூன்று தெரு தாண்டிப் பறந்தது.

"சார், மரியாதை கெட்டுடும்!"

"கெடட்டும்னுதானே வந்தேன்!" தையல் மிஷினைக் கவிழ்த்தேன்.

மர ஸ்கேலால் ஒரு போடு போட்டார் பாருங்கள், ஸ்கேலும் என் மண்டையும் சேர்ந்தே பிளந்தன. ரத்தம் குடம் குடமாகக் கொட்டியது.

"ஐயோ, அண்ணே!" என்று பிளந்த ஸ்கேலை எறிந்துவிட்டு அலறித் தாங்கிப் பிடித்தான்.

அப்பா செத்த அன்று சண்டை போட்டுப் பிரிந்த என் கூடப்பிறந்த தம்பி. பதினொரு வருஷம் கழித்து, இன்றைக்குத்தான் மறுபடி அண்ணனானேன்!